டிவி ஓடும்போது பொட்டுச் சத்தமில்லை, மறுநாள் கேட்டால் ஒன்றும் நிற்கவில்லை: 1-3 கலப்பு வகுப்பில் திரையை என்ன செய்வது?

8 ஜூலை 2024 | ஈராசிரியர் பள்ளி

1, 2, 3 வகுப்புகள் ஒரே அறை, 27 பிள்ளைகள். 43 அங்குல டிவி, ஒரு டேப் (டேப்லெட்), என் போன். நெட் காலையில் வரும், மதியம் படுத்துவிடும். பாடநூலில் உள்ள க்யூஆர் காணொளியைப் போட்டால் பத்து நிமிடம் கண் கொட்டாமல் பார்க்கிறார்கள். மறுநாள் கேட்டால் பின்னணிப் பாட்டை முழுசாகப் பாடுகிறார்கள், பாடம் ஒன்றும் நிற்கவில்லை. தொடக்க வகுப்புக்குத் திரையே வேண்டாம், கரும்பலகையும் குச்சியும் போதும் என்று நினைக்கிறேன். தவறென்றால் சொல்லுங்கள்.

8 ஜூலை 2024 | கரும்பலகை

பாதி சரி. பத்து நிமிடம் நிறுத்தாமல் ஓடவிட்டதுதான் கோளாறு. ஆறேழு வயதுப் பிள்ளைக்கு ஓடும் படத்தில் அடுத்து என்ன வரும் என்பதிலேயே கண். போனதை எடுத்து அடுக்கிவைக்க அதற்கு நேரமே கிடைப்பதில்லை. அந்த நேரத்தை ஆசிரியர்தான் வெட்டித் தரவேண்டும்.

மூன்று நிமிடக் காணொளி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முந்தைய நாளே பார்த்து, நிறுத்தவேண்டிய மூன்று இடங்களைத் துண்டுச்சீட்டில் எழுதிவையுங்கள்: 0:40, 1:25, 2:10 என்பதுபோல். விடை வருவதற்கு இரண்டு நொடி முன்னால் நிறுத்தவேண்டும், வந்தபின் நிறுத்திப் பயனில்லை.

வகுப்பில் முதல் ஓட்டம் ஒலி இல்லாமல், ஒன்றரை நிமிடம் மட்டும். என்ன நடக்கிறது என்று பிள்ளைகள் சொல்லட்டும், நீங்கள் திருத்தவேண்டாம். இரண்டாம் ஓட்டம் ஒலியோடு, குறித்த இடங்களில் நிறுத்தி. 27+15 பாடம் என்றால் திரையில் 7-ம் 5-ம் சேரும் இடத்தில் நிறுத்துங்கள். பிள்ளைகள் கையில் ஈர்க்குச்சி இருக்கவேண்டும். பத்தைக் கட்டி ரப்பர் பேண்ட் போட்ட பிறகுதான் திரை நகரவேண்டும். முடிந்ததும் டிவியை அணைத்துவிட்டு, பார்த்ததில் ஒரு கணக்கைச் சிலேட்டில் எழுதச் சொல்லுங்கள். மொத்தம் பதினைந்து நிமிடம், அதில் படம் ஓடியது ஐந்துக்குள்.

8 ஜூலை 2024 | கரும்பலகை

கலப்பு வகுப்பு என்பதைக் கவனிக்காமல் எழுதிவிட்டேன். மூன்று வகுப்புக்கும் ஒரே நேரத்தில் டிவி போடாதீர்கள். 2022-இல் தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபின் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று குழு பிரித்துத்தானே உட்காருகிறார்கள்? திரை அரும்புக்கு ஓடும்போது மொட்டும் மலரும் திரைக்கு முதுகு காட்டி உட்காரட்டும். ஒலியில்லாத முதல் ஓட்டம் அங்கேதான் கை கொடுக்கும், மற்ற இரண்டு குழுவின் காதும் உங்களுக்கு மிஞ்சும்.

9 ஜூலை 2024 | மின்கம்பி

மதியம் நெட் படுத்துவிடும் என்றால் நெட்டை நம்பிப் பாடம் திட்டமிடவே வேண்டாம். பாடநூல் க்யூஆரைப் படிக்கும் அரசின் திக்ஷா செயலியில் அந்தக் க்யூஆரைக் காலையில் ஒருமுறை திறந்து, தரவிறக்கக் குறியை அழுத்தினால் டேபிலேயே இறங்கிவிடும். பிறகு நெட் தேவையில்லை. கேமரா க்யூஆரைப் பிடிக்கவில்லையா? தைத்த பக்கத்தின் வளைவு ஒரு காரணம், அழுக்கு இன்னொன்று. க்யூஆருக்குக் கீழே 6 எழுத்துக் குறியீடு ஒன்று அச்சாகியிருக்கும். அதைச் செயலியில் தட்டச்சு செய்தாலே போதும்.

ஒரு மணி நேரக் காணொளி 360 (360p) தெளிவில் சுமார் 300 எம்பி, 720-இல் ஒரு ஜிபிக்கு மேல். 43 அங்குலத் திரையில் பிள்ளைகள் பார்க்க 480 தாராளம்.

9 ஜூலை 2024 | ஈராசிரியர் பள்ளி

பென்டிரைவில் போட்டு டிவியில் சொருகினால் "கோப்பு ஆதரிக்கப்படவில்லை" என்கிறது. சில கோப்புகள் ஓடுகின்றன, சில ஓடவில்லை.

9 ஜூலை 2024 | மின்கம்பி

வரிசையாகப் பாருங்கள். பென்டிரைவ் எக்ஸ்ஃபேட் (exFAT) என்ற கோப்பு அமைப்பில் இருந்தால் பல டிவிகள் படிக்காது. கணினியில் ஃபார்மேட் செய்து ஃபேட்32-க்கு (FAT32) மாற்றுங்கள், உள்ளே இருப்பது அழிந்துவிடும் என்பதால் முதலில் நகல் எடுத்துவிட்டு. ஃபேட்32-இல் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக்கூடாது, பாடக் காணொளி எதுவும் அவ்வளவு வராது.

அடுத்தது கோப்பின் வகை. எம்பி4 என்று பெயர் இருந்தாலும் உள்ளே படத்தைச் சுருக்கிய முறை ஹெச்.265-ஆக இருந்தால் விலை குறைந்த டிவியில் குரல் மட்டும் வரும், படம் வராது. ஹெச்.264 எம்பி4-ஆக மாற்றினால் எங்கும் ஓடும். கணினியில் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருள் இதைச் செய்யும்.

மூன்றாவது, கோப்பின் பெயரைத் தமிழில் வைத்தால் சில டிவிகளில் கட்டம் கட்டமாகத் தெரியும். 01, 02, 03 என்று எண்ணே போடுங்கள். எந்த எண் எந்தப் பாடம் என்று ஓர் அட்டையில் எழுதி டிவிக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டால், நீங்கள் விடுப்பு எடுக்கும் நாளில் வருகிறவருக்கும் பயன்படும்.

15 ஜூலை 2024 | கரும்பலகை

டிவியை எங்கே மாட்டியிருக்கிறீர்கள்? கேட்கக் காரணம் இருக்கிறது. பிள்ளை கை வைத்துவிடும் என்று பயந்து பெரும்பாலும் ஏழடி உயரத்தில் மாட்டிவிடுகிறார்கள். தரையில் உட்காரும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் கண் தரையிலிருந்து இரண்டடிக்கும் குறைவான உயரத்தில். அந்தப் பிள்ளை பத்து நிமிடம் கழுத்தை அண்ணாந்தே இருக்கவேண்டும். டிவியின் கீழ் விளிம்பு மூன்று முதல் மூன்றரை அடியில் இருந்தால் போதும். ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் வேண்டாம், கண்ணாடிபோல் வெளிச்சம் அடிக்கும். ஜன்னலுக்குப் பக்கவாட்டுச் சுவரே நல்லது.

இனி தூரம். 43 அங்குலம் என்பது மூலைவிட்டம். திரையின் உயரம் 53 செ.மீ. தான். எழுத்து வாசிக்கவேண்டும் என்றால் திரை உயரத்தைப்போல் ஆறு மடங்குக்குள் உட்காரவேண்டும், அதாவது சுமார் 3.2 மீட்டர். இருபதடி அறையில் கடைசி வரிசை இதற்கு வெளியே போய்விடும். அந்தப் பிள்ளை அமைதியாக இருப்பது கவனத்தால் அல்ல, தெரியாததால். அரைவட்டமாக உட்காரவையுங்கள்.

நீங்களே படவில்லை (ஸ்லைடு) தயாரிக்கும்போது மூன்று மீட்டர் தூரத்துக்கு எழுத்தின் உயரம் குறைந்தது 2.5 செ.மீ. என்று வையுங்கள். 1080 புள்ளி உயரமுள்ள படவில்லையில் ஒரு செ.மீ. சுமார் 20 புள்ளி. ஆக 'க' என்ற எழுத்தின் உடல் மட்டும் 50 புள்ளி. தமிழில் மேலே 'கி', 'கீ'யின் வளைவு, கீழே 'கு', 'கூ'வின் சுழி என்று இரண்டு பக்கமும் இடம் வேண்டும். 'ழூ', 'ஞீ' எல்லாம் நெருங்கினால் ஒன்றோடொன்று ஒட்டும். ஒரு படவில்லைக்கு ஐந்து வரிக்கு மேல் போகாதீர்கள்.

16 ஜூலை 2024 | கரும்பலகை

ஜூலை 8-இல் "முதல் ஓட்டம் ஒலி இல்லாமல்" என்று பொதுவாகச் சொன்னேன். திருத்திக்கொள்கிறேன். கணக்குக்கும் சூழ்நிலையியலுக்கும் அது சரி. எழுத்தொலிப் பாடத்துக்குத் தலைகீழாகச் செய்யவேண்டும்: திரையை மூடிவிட்டு ஒலியை மட்டும் கேட்கவையுங்கள். ஏனென்றால் படத்தில் மரத்தில் ஒரு பழம் தொங்கினால் பிள்ளை காதால் கேட்காமலே "பழம்" என்று சொல்லிவிடும். ழகரம் கேட்டதா இல்லையா என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது. கேட்டு, சொல்லி, அதன் பிறகு படம்.

அதற்கும் பிறகு உங்கள் வாய். லகரத்துக்கு நாவின் நுனி மேல்பல் அடியைத் தொடும். ளகரத்துக்கு நாக்கு வளைந்து அண்ணத்தைத் தொடும். ழகரத்துக்கு வளையும், ஆனால் தொடாது. இதை எந்தக் காணொளியும் மூன்றடி தூரத்தில் நிற்கும் டீச்சரைப்போல் காட்டிவிட முடியாது.

16 ஜூலை 2024 | மின்கம்பி

அதோடு ஸ்பீக்கர். டிவியின் சொந்த ஸ்பீக்கர் பெரும்பாலும் கீழ்ப்பக்கமோ பின்பக்கமோ பார்த்திருக்கும். கான்கிரீட் கூரை அறையில் எதிரொலி சேர்ந்து லகர ளகரம் கரைந்துபோகும். ஒலியைக் கூட்டினால் எதிரொலியும் கூடும், பயனில்லை. சின்ன ஸ்பீக்கர் ஒன்றை 3.5 மி.மீ. கம்பியில் இணைத்துப் பிள்ளைகளின் காது உயரத்தில், அவர்களுக்கு நடுவில் வைத்துக் குறைந்த ஒலியில் ஓடவிடுங்கள்.

"பாஸ்" என்னும் அடித்தொனி தூக்கலாக உள்ள ஸ்பீக்கர் பாட்டுக்கு நல்லது, எழுத்தொலிக்கு எதிரி. லகர ளகர ழகர வேறுபாடு இருப்பது மேல் அலைவரிசையில். 'பாஸ்' அதை அமுக்கிவிடும். ப்ளூடூத் ஸ்பீக்கரில் ஒலி படத்துக்குச் சற்றுப் பிந்தி வரும், நொடியில் ஐந்தில் ஒரு பங்கு வரைகூட. கதைக்குப் பரவாயில்லை. வாயசைவைப் பார்த்து ஒலியைக் கற்கும் காணொளிக்குக் கம்பிதான்.

24 ஜூலை 2024 | அரும்பு மொட்டு

பயிற்சித்தாள் பற்றி ஒன்று. வாட்ஸ்அப் குழுவில் வரும் வேர்டு கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியும் கலந்த குப்பையாகத் தெரிகிறது. டேபில் தமிழ் எழுத்துரு ஏற்றியும் சரியாகவில்லை.

24 ஜூலை 2024 | மின்கம்பி

டேபில் கோளாறு இல்லை. அந்தக் கோப்பு பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சானது. அவற்றில் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்திருப்பார்கள். அந்த எழுத்துரு இல்லாத கருவியில் அடியில் உள்ள ஆங்கில எழுத்து வெளியே தெரியும். அனுப்புகிறவரிடம் பிடிஎஃப் ஆக்கி அனுப்பச் சொல்லுங்கள், எழுத்துரு உள்ளேயே பதிந்து வரும். திருத்தி எழுதவேண்டும் என்றால் யூனிகோடு மாற்றி ஒன்றில் போட்டு மாற்றுங்கள். மாற்றியதும் வரிக்கு வரி சரிபாருங்கள், கொம்பும் காலும் சில இடங்களில் இடம் மாறி உட்கார்ந்திருக்கும்.

25 ஜூலை 2024 | கரும்பலகை

இடம் மாறும் கொம்பு சின்ன விஷயம் இல்லை, ஒன்றாம் வகுப்புக்கு அதுதான் பெரிய விஷயம். தமிழ் எழுத்தைச் சரியாகக் கோக்காத படத்தொகுப்பு மென்பொருளில் 'கொ' என்பது கொம்பு ஓரிடம், 'க' ஓரிடம், கால் ஓரிடம் என்று சிதறும், அல்லது நடுவில் புள்ளிவட்டம் வரும். நாம் மனதில் சரிசெய்துகொண்டு வாசித்துவிடுவோம். எழுத்தின் வடிவத்தையே அன்றுதான் பார்க்கும் பிள்ளை அதை அப்படியே எழுதும். திரையில் காட்டுவதற்கு முன் கெ, கே, கை, கொ, கோ, கௌ வரிசையை மட்டுமாவது கண்ணால் ஓட்டிப் பாருங்கள்.

இதே காரணத்துக்காக இணைய நூலகங்களில் கிடைக்கும் பழைய சிறுவர் நூல்களிலும் கவனம் வேண்டும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சானவற்றில் ணா, றா, னா, ணை, லை, ளை, னை எல்லாம் பழைய வடிவம். நான்கு, ஐந்தாம் வகுப்புக்குக் காட்டினால் "தாத்தா காலத்து எழுத்து" என்று அருமையான பாடம் ஆகும். ஒன்று, இரண்டுக்கு வேண்டாம்.

12 ஆகஸ்ட் 2024 | ஈராசிரியர் பள்ளி

நிறுத்தி நிறுத்தி ஓட்டுவது வேலை செய்கிறது. ஆனால் வாசிப்பு? மூன்றாம் வகுப்பில் எட்டுப் பேர், தனித்தனியாக வாசிக்கவைத்துக் கேட்க நேரம் போதவில்லை. வாசிப்பைக் கேட்டு மதிப்பெண் போடும் செயலி வைக்கலாமா?

12 ஆகஸ்ட் 2024 | கரும்பலகை

செயலிக்கு முன் போனில் உள்ள ஒலிப்பதிவை வையுங்கள். என்னைக் கேட்டால் தொடக்க வகுப்பில் இருக்கும் மிகச் சிறந்த கருவி அதுதான்.

ஒரு நாளைக்கு இரண்டு பிள்ளைகள். பாடநூலில் ஏற்கெனவே நடத்திய பத்தி வேண்டாம், பாதி மனப்பாடமாக இருக்கும். அதே கடினத்தில் புதுப் பத்தி, 50-60 சொல். போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, மேசையில் துணி விரித்து வையுங்கள், வெறும் மேசையில் வைத்தால் தட்டல் எல்லாம் பதியும். ஒரு நிமிடம் பதிவு. பிறகு உடனே அந்தப் பிள்ளைக்கே போட்டுக் காட்டுங்கள், கையில் பத்தியும் பென்சிலும் கொடுத்து. தான் விட்ட இடத்தைத் தானே வட்டமிடும். நீங்கள் சொல்லி வட்டமிட்டதைவிட அது மறுமுறை திருந்தி வரும் வாய்ப்பு அதிகம், ஏனென்றால் வாசிக்கும்போது முழுக் கவனமும் எழுத்தில் போய்விடுகிறது, தன் குரலைக் கேட்க அதற்கு ஒழிவதில்லை.

13 ஆகஸ்ட் 2024 | கரும்பலகை

நிமிடத்துக்கு இத்தனை சொல் என்ற கணக்கைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மத்திய அரசின் அடிப்படைக் கல்வித் திட்டமான நிபுண் பாரத் இலக்குகளில் இரண்டாம் வகுப்பு முடிவில் 45-60, மூன்றாம் வகுப்பு முடிவில் 60 சொல்லாவது என்று இருக்கிறது. அதை அப்படியே தமிழ்ப் பத்திக்கு வைத்துப் பிள்ளையைப் பின்தங்கியது என்று எழுதிவிடாதீர்கள். "நாய் ஓடி வந்தது" மூன்று சொல், எட்டு எழுத்து. "அவர்கள் வந்துகொண்டிருந்தார்கள்" இரண்டே சொல், பதினேழு எழுத்து. முதலாவதை வாசித்த பிள்ளை வேகமான பிள்ளையாகவும் இரண்டாவதை வாசித்த பிள்ளை மெதுவான பிள்ளையாகவும் கணக்கில் வரும். 2022-இல் மத்திய அரசின் கல்வி ஆய்வு அமைப்பான என்சிஇஆர்டி நடத்திய அடிப்படைக் கற்றல் ஆய்வில் 20 மொழிகளுக்கும் தனித்தனி அளவுகோல் வகுத்ததற்குக் காரணம் இதுபோன்ற வேறுபாடுதான்.

ஒரே பத்தியை ஜூலையில் ஒருமுறை, நவம்பரில் ஒருமுறை, மார்ச்சில் ஒருமுறை. அந்தப் பிள்ளையை அந்தப் பிள்ளையோடு மட்டும் ஒப்பிடுங்கள். சொல்லை எண்ணுவதற்குப் பதில் எழுத்தை எண்ணுங்கள்.

13 ஆகஸ்ட் 2024 | அரும்பு மொட்டு

செயலியை முழுக்கத் தள்ளவேண்டாம் சார். கூகுளின் ரீட் அலாங் என்ற வாசிப்புச் செயலி 2022 ஜூனில் தமிழக அரசின் இல்லம் தேடிக் கல்வி மையங்களில் வாசிப்பு மாரத்தானுக்குப் பயன்பட்டது. கதையை முன்பே இறக்கிவைத்தால் நெட் இல்லாமலும் ஓடும். யாரும் கேட்க ஆளில்லாத வீட்டில் ஒரு காது கிடைக்கிறதே.

14 ஆகஸ்ட் 2024 | கரும்பலகை

"ஒரு காது" என்பதை ஒப்புக்கொள்கிறேன். நான் மறுப்பது மதிப்பெண்ணை மட்டும்தான். பேச்சை உணரும் எந்தச் செயலியும் கேட்டதை முன்பின் சொற்களோடு பொருத்தி ஊகிக்கும். அதனால் 'மழை'யை 'மளை' என்று வாசித்தாலும் சரி என்று பச்சை காட்டலாம். வகுப்பறைக்குள் என்றால் பக்கத்துப் பிள்ளையின் குரலையும் எடுத்துக்கொள்ளும். நட்சத்திரத்துக்காகப் பிள்ளைகள் சேர்ந்திசையாக வாசிக்கத் தொடங்குவார்கள். பழக்கத்துக்கு வையுங்கள், பதிவேட்டில் ஏற்றாதீர்கள். வராந்தாவில், ஒரே ஒரு பிள்ளை, ஏழு நிமிடம்.

3 செப்டம்பர் 2024 | மின்கம்பி

கருவி குறைவாக உள்ள வகுப்புக்கு ப்ளிக்கர்ஸ் அட்டை பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லை. பிள்ளைகளிடம் கருவியே தேவையில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் எண்ணிட்ட ஒரு காகித அட்டை, நடுவில் கறுப்புச் சதுர வடிவம், நான்கு விளிம்பில் ஏ, பி, சி, டி. கேள்வியைக் கரும்பலகையில் எழுதலாம். எந்த விடையோ அந்த எழுத்து மேலே வருமாறு அட்டையைத் திருப்பிப் பிடிக்கவேண்டும். ஆசிரியர் ப்ளிக்கர்ஸ் செயலியைத் திறந்து போன் கேமராவை வகுப்பின்மேல் ஒருமுறை ஓட்டினால் யார் எந்த விடை என்று தெரியும். வழக்கமான கட்டில் 40 அட்டை, உங்கள் 27-க்குப் போதும்.

தவறும் இடங்கள்: பளபளப்பான லேமினேஷன் போட்டால் ஜன்னல் வெளிச்சம் அடித்து வடிவம் தெரியாது. கெட்டி அட்டையில் ஒட்டினாலே போதும், போடத்தான் வேண்டும் என்றால் மங்கல் தாள். கறுப்பு வடிவத்தின்மேல் ஒரு விரல் பட்டாலும் கேமரா விட்டுவிடும். இரண்டு கையாலும் ஓரத்தைப் பிடிக்கப் பழக்கவேண்டும்.

ஆங்கில எழுத்துத் தெரியாத பிள்ளைக்கு அட்டையின் பின்பக்கம் நான்கு விளிம்பிலும் நான்கு நிறப் பொட்டு வைக்கலாம்.

4 செப்டம்பர் 2024 | அரும்பு மொட்டு

பொட்டு வைத்துப் பார்த்தேன். பி-யும் டி-யும் எல்லாருக்கும் மாறி வருகிறது.

4 செப்டம்பர் 2024 | மின்கம்பி

என் விளக்கம் போதவில்லை. அட்டையைப் பின்பக்கம் திருப்பியதும் இடம் வலமாகிவிடும். முன்பக்கத்தைப் பார்த்து "வலப்பக்கம் பச்சை" என்று நினைவில் வைத்துப் பின்பக்க வலத்தில் பொட்டு வைத்தால் மாறத்தான் செய்யும். விளிம்பைக் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டே திருப்பி, பிடித்த அதே விளிம்பில் வையுங்கள்.

4 செப்டம்பர் 2024 | கரும்பலகை

நல்ல கருவி. கேள்விதான் முக்கியம். "27+15 எவ்வளவு?" என்று கேட்டு விடைகளாக 42, 50, 61, 30 என்று வைத்தால் யாருக்குத் தெரியும் என்பது மட்டும் தெரியும். 42, 32, 312, 12 என்று வையுங்கள். 32 சொன்னால் மீதியை ஏற்ற மறந்த பிள்ளை. 312 சொன்னால் 12-ஐ அப்படியே கீழே எழுதிய பிள்ளை, இடமதிப்பே இன்னும் வரவில்லை. 12 சொன்னால் கூட்டல் குறியைப் பார்க்காமல் கழித்த பிள்ளை. மூன்று பேருக்கும் மூன்று வேறு வேலை கொடுக்கவேண்டும்.

19 செப்டம்பர் 2024 | அரும்பு மொட்டு

பக்கத்துப் பள்ளியில் தொடுதிரைப் பலகை தானாகவே கோடு இழுக்கிறதாம். வைரஸா?

19 செப்டம்பர் 2024 | மின்கம்பி

சாக்பீஸ். அந்தப் பலகைகளில் பெரும்பாலானவை அகச்சிவப்புக் கதிரை வைத்துத் தொடுதலை அறிபவை. சட்டத்தின் நான்கு பக்கமும் கதிர் ஓடுகிறது, எங்கே மறைகிறதோ அங்கே விரல் என்று எண்ணிக்கொள்ளும். சட்டத்தின் உள்விளிம்பில் சுண்ணத்தூள் படிந்தால் அதையும் விரல் என்று எண்ணும். பல்லி ஓடினாலும் அப்படித்தான். மின்சாரத்தை அணைத்து, காய்ந்த மெல்லிய துணியால் உள்விளிம்பை நான்கு பக்கமும் துடையுங்கள், வாரம் ஒருமுறை. தண்ணீர் வேண்டாம். கரும்பலகையும் தொடுதிரையும் ஒரே சுவரில் அருகருகே இருந்தால் இந்தத் தொல்லை ஓயாது. பிள்ளை எழுதும்போது சட்டைக் கை திரையை உரசினாலும் இரண்டாவது கோடு வரும்.

20 செப்டம்பர் 2024 | கரும்பலகை

தொடுதிரையில் விரலால் எழுத்துப் பழக்குவது பற்றியும் சொல்லவேண்டும். தோளிலிருந்து கை முழுவதும் அசைய நின்றுகொண்டு விரலால் எழுதுவது வேறு, உட்கார்ந்து மூன்று விரலால் பென்சில் பிடித்து எழுதுவது வேறு. எந்தப் பக்கம் தொடங்கி எந்தப் பக்கம் முடிப்பது என்பதைக் காட்டத் திரை உதவும். கைப்பழக்கத்துக்கு மணல் தட்டும் சிலேட்டும்தான்.

10 அக்டோபர் 2024 | ஈராசிரியர் பள்ளி

கதை வேண்டும். நூலக அலமாரியில் உள்ளது எல்லாம் பெரிய பிள்ளைகளுக்கு.

10 அக்டோபர் 2024 | கரும்பலகை

ஸ்டோரிவீவர். பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய தளம், கதைகள் திறந்த உரிமத்தில் இருப்பதால் அச்செடுத்துக் கொடுக்கவும் மாற்றி எழுதவும் தடையில்லை, எழுதியவர், வரைந்தவர் பெயரைப் போட்டால் போதும். மொழியில் தமிழ், நிலையில் 1 என்று தேர்ந்தால் பக்கத்துக்கு ஒரு வரி உள்ள படக்கதைகள் வரும். பிடிஎஃப் இறக்கிக்கொள்ளலாம். மொழிபெயர்ப்புக் கதை என்றால் முதலில் நீங்கள் உரக்க வாசியுங்கள். உங்கள் நாக்கு இடறும் வாக்கியம் பிள்ளைக்கும் இடறும், அதை மாற்றி எழுதிவிடுங்கள்.

திரையில் கதை காட்டும்போது ஒரு பக்கம் காட்டி, அடுத்த பக்கம் என்ன வரும் என்று பிள்ளைகள் சொன்னதைக் கரும்பலகையில் எழுதுங்கள். அவர்கள் கதை வேறு பக்கம் போனால் அதையே ஒரு புத்தகம் ஆக்கலாம். ஒரு ஏ4 தாளில் எட்டுப் பக்கச் சிறு நூல்: தாளைக் கிடையாக வைத்து எட்டுக் கட்டமாக மடியுங்கள். கீழ் வரிசை இடமிருந்து 6, 7, 8, 1. மேல் வரிசை 5, 4, 3, 2. நடுக்கோட்டில் நடு இரண்டு கட்ட நீளத்துக்கு மட்டும் வெட்டி மடித்தால் நூல்.

11 அக்டோபர் 2024 | கரும்பலகை

மேல் வரிசையைத் தலைகீழாக எழுதவேண்டும் என்பதை விட்டுவிட்டேன். இல்லாவிட்டால் 2 முதல் 5 வரை கவிழ்ந்து நிற்கும். ஏற்கெனவே செய்தவர்கள் மன்னிக்கவும்.

18 நவம்பர் 2024 | அரும்பு மொட்டு

ஒரு டீச்சர் "ஒன்று முதல் எட்டு வரை நாளுக்கு இரண்டு அமர்வுக்கு மேல் திரை கூடாது, மத்திய அரசு விதி" என்கிறார். டிவி வகுப்புக்கும் பொருந்துமா?

18 நவம்பர் 2024 | கரும்பலகை

அவர் சொல்வது 2020 ஜூலையில் வந்த பிரக்யதா வழிகாட்டுதல். அது ஊரடங்கில் வீட்டிலிருந்து நடந்த நேரலை வகுப்புக்கானது: 1-8 வகுப்புகளுக்கு 30-45 நிமிடத்தில் இரண்டு அமர்வுக்கு மேல் வேண்டாம் என்று. வகுப்பறை டிவிக்கு எழுதப்பட்டதல்ல. ஆனாலும் மேலே சொன்ன முறையில் ஓட்டினால் நாளுக்குப் பதினைந்து நிமிடத்தைத் தாண்டவே மாட்டீர்கள்.

வாசிப்புப் பதிவு செய்கிறவர்களுக்கு இதையும் சேர்க்கிறேன். கோப்புக்குப் பிள்ளையின் பெயர் வேண்டாம், வருகைப் பதிவேட்டு எண் போதும். பெற்றோர் குழுவில் போடாதீர்கள், திக்கிய பிள்ளையின் குரல் ஊர் முழுக்கப் போய்விடும். 2023-இல் இயற்றிய எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டவரின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தப் பிள்ளை நாளைக்கு வாய் திறக்கவேண்டும். பெற்றோரிடம் முதலிலேயே சொல்லுங்கள், மார்ச் ஒப்பீடு முடிந்ததும் அழித்துவிடுங்கள்.

19 நவம்பர் 2024 | ஈராசிரியர் பள்ளி

வீட்டுப்பாடக் காணொளி அனுப்பினால் பாதிப் பேர் பார்ப்பதில்லை.

19 நவம்பர் 2024 | கரும்பலகை

போன் அப்பாவிடம், அப்பா வேலையில். இரவு ஏழரைக்கு மேல் அனுப்புங்கள். காணொளி வேண்டாம், உங்கள் குரலில் 40 நொடி. அரை எம்பிகூட வராது, எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவும் கேட்டுப் புரிந்துகொள்வார். ஒரே ஒரு வேலை சொல்லுங்கள்: "வீட்டில் ழகரம் வரும் மூன்று பொருளைக் காட்டச் சொல்லுங்கள்" என்பதுபோல். பதில் எழுதி அனுப்பச் சொல்லாதீர்கள், மறுநாள் வகுப்பில் பிள்ளையே சொல்லட்டும்.

14 ஜனவரி 2025 | கரும்பலகை

மூன்று நிமிடம், மூன்று நிறுத்தம் என்று தொடக்கத்தில் சொன்னதை இப்போது சட்டமாகச் சொல்லமாட்டேன். அவரை விதை முளைப்பதைப் பல நாள் எடுத்து ஒரு நிமிடமாகச் சுருக்கிய காணொளியை நடுவில் நிறுத்தினால் அதன் உயிரே போய்விடும். அதை முழுதாக மூன்று முறை ஓட்டவேண்டும், ஒவ்வொரு முறையும் வேறு இடத்தைப் பார்க்கச் சொல்லி: முதலில் வேர், அடுத்து தண்டு, கடைசியில் விதையின் தோல். பக்கத்தில் ஈரப் பஞ்சில் அதே விதை இருக்கவேண்டும், அன்றைக்கு எத்தனையாவது நாள் என்று எழுதி. திரையில் ஒரு நிமிடத்தில் நடந்தது பஞ்சில் ஐந்தாறு நாள் எடுக்கிறது என்பதே மூன்றாம் வகுப்புக்குப் பெரிய கண்டுபிடிப்பு.

2 பிப்ரவரி 2025 | ஈராசிரியர் பள்ளி

கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் தளத்தில் பத்தாக்கும் விளையாட்டு ஒன்றை டேபில் இறக்கிவிட்டேன். 27-ஐ இழுத்தால் 20, 7 என்று பிரிகிறது, பிள்ளைகளுக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் டேபிலிருந்து டிவிக்கு வரவில்லை, எச்டிஎம்ஐ மாற்றி வாங்கிச் சொருகியும் "சிக்னல் இல்லை".

2 பிப்ரவரி 2025 | மின்கம்பி

மாற்றி கெட்டுப்போகவில்லை. விலை குறைந்த டேப்களில் யூஎஸ்பி-சி துளை சார்ஜுக்கும் கோப்புக்கும் மட்டும். படத்தை வெளியே அனுப்பும் வசதி அதில் இருக்காது, எந்தக் கம்பி போட்டாலும் வராது. டேபின் அமைப்பில் "காஸ்ட்" அல்லது "திரை பகிர்" என்று இருக்கும், டிவியிலும் அதையே திறங்கள். இரண்டும் நேரடியாகப் பேசிக்கொள்ளும், நெட் வேண்டாம். இணையாவிட்டால் டேபில் ஹாட்ஸ்பாட் ஓடுகிறதா பாருங்கள், அணைத்துவிட்டு மறுபடி முயலுங்கள்.

2 பிப்ரவரி 2025 | கரும்பலகை

டேபை ஒரு பிள்ளையிடம் கொடுங்கள், ஆனால் இழுக்கும் விரல் மட்டும் அதனுடையது. என்ன இழுக்கவேண்டும் என்று இன்னொரு பிள்ளை சொல்லவேண்டும், ஏன் என்று மூன்றாவது பிள்ளை சொல்லவேண்டும். இரண்டு கணக்குக்கு ஒருமுறை இடம் மாறட்டும். ஈர்க்குச்சிக் கட்டைத் தூக்கிப்போட்டுவிடாதீர்கள். 7-லிருந்து 3-ஐப் பிரித்தது திரையில் சரியா என்று குச்சியை வைத்துத்தான் சரிபார்க்கவேண்டும்.

3 பிப்ரவரி 2025 | ஈராசிரியர் பள்ளி

ஹாட்ஸ்பாட்தான். அணைத்ததும் வந்துவிட்டது. குச்சி 300 கட்டிவைத்திருக்கிறோம்.